கோழிக்குப் போட்ட வேலி

போன கிழமை அருள்நாயகியின் கோழிகள் செய்த அநியாயத்தை அயல் வீடுகள் மறந்திருக்கலாம். றேணுகா மறக்கவில்லை.

எப்படி மறப்பது? அப்போதுதான் இலை விட்டிருந்த பயற்றங்கன்றுகள் அத்தனையையும் கிளறி, மண்ணைக் கிணற்றுக்கட்டு வரைக்கும் வாரி இறைத்து, அதுவும் போதாதென்று பொன்னாங்காணிப் பாத்தியில் படுத்துப் புரண்டு மண் குளித்துவிட்டுப் போயிருந்தன. நியாயம் கேட்கப் போனவளிடம் அருள்நாயகி, "கோழிக்கு என்ன தெரியும்? உனக்கெல்லோ தெரியோணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்தப் பதிலை றேணுகா ஒரு கிழமையாக மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு அது. மாமனார் கட்டிய வீடு. அவர் கண் மூடியதும் மூத்தவர் வலன்ரைனும் மனைவி அருள்நாயகியும் வலது பக்கத்தில் இருந்தார்கள். இளையவன் பிறெடியும் றேணுகாவும் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு பலகை மறைப்பு. வீட்டைத்தான் இப்படிப் பாதியாக்கினார்கள். பின்வளவை யாரும் பிரிக்கவில்லை. கிணறு, மாமரம், துணி காயப்போடும் கொடி எல்லாம் பொது. சரிபாதி வலன்ரைனுக்கு, சரிபாதி பிறெடிக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதற்கு எதற்கு எல்லைக்கல் என்று இருந்துவிட்டார்கள்.

பிறெடி துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவன். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, சேர்ட்டைக் கழற்றாமலே கதிரையில் சாய்ந்தவன் எழும்பவில்லை. அதற்குப் பிறகு றேணுகாவுக்கும் மகள் சாமினிக்கும் இந்த நகரத்தில் சொந்தமென்று சொல்ல இருப்பது பாதி வீடும் பாதி வளவும் மட்டும்தான்.

அந்த வளவில்தான் அவள் தோட்டம் போட்டிருந்தாள். காஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷத்தில் கறிக்கு வழியில்லாமல் தொடங்கியது. இப்போது அது அவளுடைய தொழிலுக்குக் கை கொடுத்தது. துறைமுகத்து ஆட்களுக்கு அவள் கட்டிக் கொடுக்கும் மத்தியானச் சோற்றுப் பார்சலில் வல்லாரைச் சம்பலும், பொன்னாங்காணிச் சுண்டலும், கத்தரிக்காய்ப் பால்கறியும் அந்தப் பாத்திகளிலிருந்துதான் வந்தன. "அக்கா, கடைக் கீரை மாதிரி இல்ல இது" என்று அவர்கள் சொல்லும்போது றேணுகாவுக்கு உச்சி குளிரும்.

கோழிகளும் முந்தியெல்லாம் கூட்டுக்குள்தான் இருந்தன. சில மாதங்களுக்கு முன்னர் என்ன நினைத்தாளோ, அருள்நாயகி ஒரு காலையில் கூட்டைத் திறந்துவிட்டாள். அன்று பிடித்தது சனியன்.

றேணுகா பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தாள். கீழால் நுழைந்தன. கிழிந்த நுளம்பு வலையைக் கட்டினாள். அதில் ஒரு பேடு சிக்கி, வலையை வெட்டி அதை எடுக்கப் போய், அருள்நாயகியிடம் ஒரு மணித்தியாலம் பேச்சு வாங்கினாள். தகரத் துண்டுகளை நட்டாள். அவற்றின் விளிம்பில் ஏறி நின்று, அங்கிருந்து ஆறுதலாகப் பார்த்து, நல்ல கத்தரியாகப் பார்த்துக் குதித்தன. கல்லால் எறியலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கூட்டத்தின் தலைவனான வெள்ளைச் சேவல், அருள்நாயகியின் முழங்கால் வலிக்காக அந்தோனியாருக்கு நேர்ந்துவிடப்பட்டது. திருநாளுக்குக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சேவல். புனிதரின் சொத்துக்குக் கல்லெறிய றேணுகாவுக்குக் கை வருமா? அது பச்சை மிளகாய்க் கன்றின் நுனியைக் கொத்திவிட்டு, கழுத்தைச் சரித்து அவளையே பார்க்கும். அந்தப் பார்வைக்கே அவளுக்கு இரத்தம் கொதிக்கும்.

ஆகவே இன்று, பழைய சோனகத் தெருவில் ஸஹாப்தீன் நானாவின் கடையிலிருந்து ஒரு சுருள் கம்பி வலை ஓட்டோவில் வந்து இறங்கியது.

"ஒஃபிசுக்குப் போட்டு வாறன் அம்மா" என்று சாமினி செருப்பை மாட்டினாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடக் கொம்பனியில் அவளுக்கு வேலை. வலைச் சுருளைத் தாண்டி, சேலை நுனி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மகள் ஒழுங்கையில் இறங்கிப் போனாள்.

றேணுகா குசினியில் சமைத்துப் பார்சல்களைக் கட்டி அனுப்பிவிட்டு, வீட்டில் போடும் சோட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு பின்வளவில் இறங்கினாள். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அருள்நாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, ஆரை அடைக்க மறியல் வீடு கட்டுறியா?"

"ஓம் அக்கா."

"என்ட கோழிக்கா?"

"உங்கட கோழியை நான் தொடவே மாட்டன். அது நல்லாச் சுத்தித் திரியட்டும். என்ட கத்தரியைத்தான் உள்ள வைக்கப்போறன்."

"கத்தரிக்குக் காவல்! எங்கட மாமா இருந்த காலத்தில இந்த வளவில ஒரு கயிறு கட்டினது இல்ல."

"அவர் இருந்த காலத்தில கோழி கூட்டுக்க இருந்தது அக்கா."

அருள்நாயகி சட்டியை நங்கென்று வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு வெள்ளைச் சேவல் மாமரத்தடியிலிருந்து பதிலுக்குக் கூவியது. இரண்டு பேருக்கும் நடுவில் அது வேறு.

றேணுகா தோட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் வலை அடிக்கத்தான் நினைத்திருந்தாள். முதல் மூலையில் குழி தோண்டத் தொடங்கியபோது, பின்னால் செருமல் சத்தம் கேட்டது. வலன்ரைன் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஒரு நூல் உருண்டை.

அவள் ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த வளவில் விழுந்த மாவிலையைக்கூட அவர் இதுவரை குனிந்து எடுத்ததில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து முன்விறாந்தையில் பேப்பரும் கையுமாகத்தான் இருப்பார்.

"இப்பிடிச் சுத்தி அடிச்சா உனக்கு வலை காணாது" என்றார் வலன்ரைன். "ஏன் நாலு பக்கம்? அங்கால மதில் இருக்கு. பின்னால மதில் இருக்கு. இஞ்சால உன்ட குசினிச் சுவர். மூண்டு பக்கம் சும்மாவே அடைபட்டிருக்கு. குசினி மூலையில இருந்து பின்மதில் வரைக்கும் நேரா ஒண்டு இழு. முடிஞ்சுது வேலை."

றேணுகா பார்த்தாள். சரிதான். ஒரே கோடு. வலையும் மிஞ்சும். இது தன் மண்டைக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"படலை ஒண்டு வைக்கோணும் அத்தான்."

"படலை வைச்சா அதைத் திறந்து விட்டிட்டு வருவாய். கோழி உள்ள வரும். பிறகு என்ட மனுசியோட சண்டை. உனக்கு என்னத்துக்குப் படலை? குசினிக் கதவால நேரா இறங்கலாம்தானே."

அதுவும் சரிதான்.

அவரே நூலைப் பிடித்தார். அவரே குனிந்து, ஒரு கண்ணை மூடி, நூல் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அவள் ஒரு சாண் ஆழத்துக்குக் கான் வெட்டி வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்தாள். கோழி அடியால் கிளறும் என்பதை அவள் பட்டுத் தெளிந்திருந்தாள். மேல் விளிம்பில் கட்டை எதுவும் வைக்காமல் வலையைத் தளர்வாகவே விட்டாள், ஏறி நிற்க இடம் கொடுக்கக் கூடாது என்று. பழைய இரும்புக் குழாய்களை நட்டபோது வலன்ரைன் போய் ஒரு வாளி நிறையச் சீமெந்து குழைத்துக்கொண்டு வந்தார்.

"கோழிக்குச் சீமெந்தா அத்தான்?"

"செய்யிறதைத் திருத்தமாச் செய்யோணும்."

கத்தரிக்கும் மிளகாய்க்கும் சீமெந்து போட்ட வேலி கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டிலாவது உண்டா? அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. குனிந்து நின்ற அவருடைய முதுகு பிறெடியின் முதுகைப் போலவே இருந்தது. தோள் சற்று இடப்பக்கம் இறங்கி, பிடரியில் அதே சுழி. இந்த மனிதரைப் போய் இவ்வளவு காலம் கல் நெஞ்சக்காரர் என்று நினைத்தேனே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"சுத்தியலோட நில். ஒரு ஃபோட்டோ எடுப்பம். பிறெடி இருந்தா எவ்வளவு சந்தோசப்படுவான்."

றேணுகா சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. சிரிக்கவும் செய்தாள்.

கிணற்றடியிலிருந்து அருள்நாயகியின் குரல் வந்தது. "என்ட கோழியைத் துரத்துறவளுக்கு வேலி போட்டுக் குடுக்கிறீங்களோ? நல்லா இருக்கு! எனக்கு ஒரு ஆணி அடிச்சுத் தந்திருப்பீங்களா இந்த வீட்டில?"

"நீ சும்மா இரு" என்றார் வலன்ரைன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, றேணுகா பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்ற வாளியை எடுத்துக்கொண்டு குசினிக் கதவால் இறங்கினாள். வேலிக்கு வெளியே கோழிகள் வலையோடு வலையாக நடந்து, தலையை நீட்டி, இழுத்து, ஒன்றும் புரியாமல் தவித்தன. சேவல் ஒரு தடவை பறக்கப் பார்த்து, ஏறி நிற்க இடமில்லாமல் திரும்ப விழுந்தது. றேணுகாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "வா பாப்பம்!" என்று அதற்குச் சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போகக் காலெடுத்து வைத்தவள் நின்றாள்.

கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவள் இடமும் வலமும் பார்த்தாள். படலை இல்லை. கிணறு அங்கே. மாமரம் அங்கே. கொடியும், அதில் அவளே காலையில் காயப்போட்ட படுக்கை விரிப்பும் அங்கே. வளவில் முக்கால்வாசி அங்கே கிடந்தது. அவளுடைய பக்கத்தில் குசினி அகலத்துக்கு ஒரு துண்டு, அதில் நாலு பாத்தி, மூன்று பக்கம் மதிலும் சுவரும், நாலாவது பக்கம் அவள் தன் கையால் நட்ட வேலி. வாளியோடு அவள் அப்படியே நின்றாள்.

அப்போதுதான் அருள்நாயகியின் பக்கக் கதவு திறந்தது. வலன்ரைன் முன்னால் வந்தார். காலையில் இருந்த சாரம் இல்லை, நீளக் காற்சட்டையும் சேர்ட்டும். பின்னால் முக்காலியும் அளவு நாடாவுமாக ஓர் ஆள். நில அளவையாளர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வலன்ரைன் அவரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டே வந்தார். வலைக்குப் பின்னால், பயற்றங்கொடிக்கு நட்ட கம்புகளுக்கு நடுவில் நின்ற றேணுகாவை இருவரும் கவனிக்கவில்லை.

சிங்களம் அவளுக்குத் தமிழைப் போலத்தான். ஒரு சொல் தப்பவில்லை.

"அது செத்துப்போன தம்பியின் பங்கு. அவர்களே வேலி போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். குடும்பத்துக்குள் பேசி முடித்தது. பிரச்சினை ஒன்றும் இல்லை. விற்கப்போகும் இந்தப் பக்கத்தை முழுதாக அளந்தால் போதும்."

"நல்லது மஹத்தயா" என்றார் அந்த மனிதர். "வேலி இருந்தால் எங்களுக்கும் வேலை லேசு." முக்காலியைக் கிணற்றடியில் ஊன்றினார்.

றேணுகாவின் கையிலிருந்த வாளி விழுந்து உருண்டது.

"அத்தான்!"

வலன்ரைன் திரும்பினார். ஒரு கணம் முகம் வெளிறியது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"நீ உள்ள போ. பிறகு கதைப்பம்."

"இப்ப கதைப்பம். என்ன பிரிச்சது? ஆர் பிரிச்சது?"

"சத்தம் போடாத. வெளி ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும்! கிணறு ஆரின்ட? மாமரம் ஆரின்ட? இந்த வளவில பாதி பிறெடிட. அது உங்களுக்குத் தெரியாதா? ஒரே வயித்தில பிறந்த உங்களுக்குத் தெரியாதா?"

"பாதி எண்டு எங்க கோடு கிடக்கு?" வலன்ரைனின் குரலும் ஏறிவிட்டது. "கோடு போட்டது நீ. உன்ட இடம் எதெண்டு நீயே வேலி அடிச்சுக் காட்டினனி. நான் போடச் சொன்னனானா? வலை வாங்கினது நானா? சுத்தியலோட நிக்கிறது ஆரெண்டு ஃபோட்டோ இருக்கு. சிரிச்சுக்கொண்டு வேற நிக்கிறாய்."

பிறெடி இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவான். அந்த வார்த்தைக்காக அவள் கண் கலங்கினாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காணி போனாலும் பரவாயில்லை என்று அந்த நொடியில் தோன்றியது. செத்தவனின் பெயரைச் சொல்லி, அவளைச் சிரிக்க வைத்துப் படம் பிடித்திருக்கிறார். உள்ளங்கால் முதல் உச்சி வரை அவளுக்குத் தீப் பிடித்தது.

"நீங்க ஒரு மனுசனா?" என்று கத்தினாள் றேணுகா. "கோயில்ல முன் வாங்கில இருக்கிற நீங்க, செத்த தம்பிட பேரைச் சொல்லி ஏமாத்தியிருக்கிறீங்க. அவன்ட பிள்ளையின்ட சோத்துக்க மண் அள்ளிப் போடுறதுக்கு என்ட கையையே எடுத்திருக்கிறீங்க!"

அளக்க வந்தவர் மெதுவாக நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். "சண்டை இருந்தால் என்னால் செய்ய ஏலாது. நான் இன்னொரு நாள் வாறன்" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார். புத்தியுள்ள மனிதர்.

சத்தம் கேட்டு அருள்நாயகி வந்திருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அளக்கிறது? ஆர் அவர்?"

"உனக்கு ஒண்டும் இல்ல. போ."

"அக்கா" என்றாள் றேணுகா. மூச்சு வாங்கியது. "உங்கட மனுசன் வளவை விக்கப்போறார்."

"வளவையா?"

"வளவையும் வீட்டையும்தான்" என்றார் வலன்ரைன். இனி மறைத்து என்ன என்ற குரல். "மாடி மாடியா பிளட் கட்டுற ஆக்கள் கேக்கினம். இந்தப் பழைய ஓட்டு வீட்டுக்க இருந்து என்னத்தைக் கண்டது? மழை வந்தா மூண்டு இடத்தில சட்டி வைக்கிறாய். எங்களுக்கு ஒரு பிளட் தருவாங்கள், ஆறாம் மாடியில. லிஃப்ட் இருக்கு. உன்ட முழங்காலுக்கும் நல்லது."

அருள்நாயகி கோழிகளைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"ஆறாம் மாடியில கோழி வளக்கலாமோ?"

"விசர்க் கதை கதைக்காத."

"இல்ல, நான் கேக்கிறன். கூட்டைத் திற, அடைச்சு வைக்கிறது பாவம், நேர்ந்துவிட்ட சேவலை அடைக்கக் கூடாது எண்டு நீங்கதானே சொன்னீங்க? கோழி எண்டாலே மூக்கைப் பொத்துற மனுசன் சொல்லுதே எண்டு நானும் திறந்தன். தோட்டத்தைக் கிண்டுது எண்டு நான் திரும்ப அடைக்கப் போன அண்டைக்கும் நீங்கதான் விடேல்ல. 'அவளுக்கு வேணுமெண்டா வேலி போடட்டும்' எண்டு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?"

வலன்ரைன் ஃபோனை எடுத்து எதையோ தேடுவது போலப் பார்த்தார்.

றேணுகா அருள்நாயகியைப் பார்த்தாள். இத்தனை மாதமாக ஒருத்தி கோழிக்காகவும் மற்றவள் கத்தரிக்காகவும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். அயலட்டை முழுக்கச் சிரித்திருக்கிறது. இந்த மனிதர் விறாந்தையில் பேப்பருக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் முதல் குழாயை இரண்டு கையாலும் பிடித்தாள்.

சீமெந்து இன்னும் இறுகவில்லை. அவசரத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றிக் குழைத்திருந்தார் போலிருக்கிறது. அசைத்து, வளைத்து, காலால் உதைத்து இழுத்தாள். ஈரக் கட்டியோடு குழாய் மேலே வந்தது.

"ஏய்! என்ன செய்யிறாய்?"

அடுத்த குழாய். அதுவும் வந்தது. காலையில் ஒரு சாண் ஆழத்துக்குத் தான் புதைத்த வலையை இப்போது மண்ணோடு பிய்த்து இழுத்தாள். வெட்டிய கம்பி நுனி உள்ளங்கையைக் கீறியது. இரத்தம் சோட்டியில் பட்டது. அவள் நிறுத்தவில்லை.

"விசரா உனக்கு? கோழி எல்லாம் உள்ள போகும். உன்ட தோட்டம் முழுக்கப் போயிடும்!"

"போகட்டும்."

"ஆறு மாசப் பாடு!"

"உங்களுக்கென்ன அதைப் பற்றி? என்ட பாடுதானே. போகட்டும்! இந்த வளவில ஒரு வேலியும் இல்ல. நாளைக்கு ஆர் வந்து அளந்தாலும் ஒரு வேலியும் இல்ல. அளக்கிறதெண்டா முழுசா அளக்கட்டும். பாதியை எனக்குக் காட்டட்டும்!"

கடைசிக் குழாயும் விழுந்தது. கிணற்றடியிலிருந்து மதில் வரைக்கும் வளவு பழையபடி ஒன்றாகத் திறந்து கிடந்தது.

கோழிகள் வரவில்லை. அவளுடைய கோலத்தைப் பார்த்துப் பயந்து மாமரத்தடியில் ஒதுங்கி நின்றன. பாத்திகள் அப்படியே இருந்தன. கத்தரி பூத்திருந்தது. வல்லாரை தரையோடு பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இதைக் காப்பாற்றிவிடலாமே என்று றேணுகாவுக்குத் தோன்றியது.

அருள்நாயகி உள்ளே போனாள். குறுணல் அரிசிப் பேணியோடு திரும்பி வந்தாள். முழங்கால் வலிக்காலை இழுத்து இழுத்து நடந்து, வேலி இருந்த இடத்தைத் தாண்டி, நேரே கத்தரிப் பாத்திக்கு நடுவில் போய் நின்றாள். கணவனைப் பார்த்தபடியே, இங்கே எல்லை ஏது என்பது போலப் பேணியைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"பா... பா... பா... பா..."

பேடுகள் ஓடி வந்தன. வெள்ளைச் சேவல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வந்தது. மண் பறந்தது, இலை பறந்தது. றேணுகா பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடவில்லை.

"பைத்தியக்காரியள்!" வலன்ரைன் பல்லைக் கடித்தார். "ரெண்டு பேரும் என்ட காலில வந்து விழுவீங்கள். பாத்துக்கொண்டிருங்க." வீட்டுக்குள்ளால் விறுவிறுவென்று போனார். முன்கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஸ்கூட்டர் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்தது.

அருள்நாயகி வெறும் பேணியோடு திரும்பினாள். றேணுகாவின் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"நாளைக்கு வந்து உன்ட கத்தரிக்கு என்னட்ட நியாயம் கேக்காத."

"கேப்பன்" என்றாள் றேணுகா.

"கேள். இப்ப கையைக் கழுவு. இரத்தம்."

இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். அருள்நாயகி வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி ஊற்ற, றேணுகா கையைக் கழுவினாள்.  அதற்காகச் சமாதானமில்லை. இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு யாரோடு சமாதானமாவது?

சாமினி வந்தபோது கோயிலில் மாலை ஆராதனை மணி அடித்து ஓய்ந்திருந்தது. கைப்பையைக் கழற்றாமலே குசினிக் கதவடிக்கு வந்தாள். கிளறிக் கிடந்த பாத்திகளையும், சீமெந்துக் கட்டியோடு கிடந்த குழாய்களையும், கசங்கிய வலையையும் பார்த்தாள்.

"என்ன அம்மா இது?"

"வா, இரு. சொல்லுறன்." கையில் துணியைச் சுற்றியிருந்த றேணுகா படியில் இடம் விட்டு நகர்ந்தாள். மகளிடம் சொல்ல வேண்டும், சொல்லி அழவாவது வேண்டும் என்று பின்னேரம் முழுவதும் காத்திருந்தவள் அவள். "உன்ட பெரியப்பா செய்த வேலையைக் கேள். எங்கட பங்கை விழுங்கப் பாத்தார். அளக்கிறதுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து..."

"ஏனம்மா அவரைத் திருப்பி அனுப்பினீங்க?"

றேணுகாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "ஆரை?"

"அளக்க வந்தவரை. எங்கட ஒஃபிசுக்கு வந்து சொன்னவர், வீட்டில பெரிய சண்டை எண்டு. எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமா?"

"உங்கட ஒஃபிசுக்கா?"

"எங்கட கொம்பனிதான் அம்மா வாங்குது." சாமினி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான்தான் பெரியப்பாட்ட கதைச்சனான். வேலி விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. அது அவர் செய்தது. பிழைதான். ஆனா விக்கிறது எண்டது நான் சொன்னது. பாமன்கடைப் பக்கம் ரெண்டு அறையோட ஒரு பிளட் பாத்து வைச்சிருக்கிறன். கோழிப் பீயை மிதிக்காம வேலைக்குப் போக ஆசை அம்மா எனக்கு. மழை பெய்தா நித்திரை கொள்ள ஆசை."

காலையிலிருந்து கோழியோடு கத்தி, அருள்நாயகியோடு கத்தி, வலன்ரைனோடு ஒழுங்கையே திரும்பிப் பார்க்கக் கத்திய றேணுகாவுக்கு இப்போதும் கோபம் இருந்தது.  அதை யார் மேல் எறிவது என்றுதான் தெரியவில்லை.

"அப்பா இல்லாத வீட்டை..." என்று தொடங்கினாள். "உன்ட அப்பாட பங்கை நான் உயிரைக் குடுத்துக் காப்பாத்தப் பாக்கிறன், நீ..."

"அப்பாட பங்கில பாதி எனக்கும்தானே அம்மா" என்றாள் சாமினி.  "என்ட பாதிக்கு நான் ஓம் எண்டு சொல்லிட்டன்."